பேக்டோர் ட்ரோஜனா, வேறு கோளாறா: அறிகுறியை வைத்துக் கண்டுபிடிப்பது

நல்ல கோப்புபோல நடித்து உள்ளே வந்து, வெளியாள் ஒருவன் உங்கள் கம்ப்யூட்டரை ஆட்டிவைக்கப் பின்வாசல் திறந்துவிடும் புரோகிராம்தான் பேக்டோர் ட்ரோஜன். அப்படிக் கம்ப்யூட்டருக்குள் யாரோ இருக்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால், வேறு எதையும் தொடுமுன் நெட்டைத் துண்டியுங்கள். வைஃபையை அணைத்தால் போதும். லேன் வயர் இருந்தால் பிடுங்கிவிடுங்கள். மிஷினை அணைக்க வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் எந்தப் புரோகிராம் என்ன செய்கிறது என்று பார்க்க முடியும். அப்புறம் மொபைலை எடுத்து, மொபைல் டேட்டாவில், மெயில் பாஸ்வேர்டையும் வங்கி பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். பதறிப்போய் அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மாற்றுகிறவர்கள் நிறைய. நீங்கள் தட்டுவதையெல்லாம் பதிவு செய்கிற ட்ரோஜன் உள்ளே இருந்தால், புதுப் பாஸ்வேர்டும் உடனே அவன் கைக்குப் போய்விடும்.

பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பக்கத்து வீடுகளிலிருந்து எனக்கு வரும் அழைப்புகளில் பாதி "அண்ணா, வைரஸ் புகுந்திருச்சு" என்றுதான் தொடங்கும். போய்ப் பார்த்தால் பழைய ஹார்ட் டிஸ்க், தூசி அடைத்த ஃபேன், பிரவுசரில் குப்பை எக்ஸ்டென்ஷன். நிஜமாகவே பேக்டோர் இருந்த மிஷின்களோ பெரும்பாலும் எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தவை. உள்ளே இருப்பவனுக்கு உங்கள் மிஷின் நன்றாக ஓடினால்தான் லாபம். நீங்கள் சந்தேகப்பட்டு ஃபார்மட் அடித்துவிட்டால் அவனுக்கு நஷ்டம். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் சாதாரணக் காரணத்தை முதலில் பார்த்து ஒதுக்கிவிட்டு, அதன் பிறகே ட்ரோஜனைத் தேடுகிறோம்.

எப்படி உள்ளே வருகிறது

ட்ரோஜன் தானாகப் பரவாது. யாராவது ஒருவர் அதை ஓட்ட வேண்டும், அந்த ஒருவர் பெரும்பாலும் வீட்டில்தான் இருப்பார். திருட்டு போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர், காசு கொடுக்காமல் விண்டோஸை ஓட்ட வைக்கும் ஆக்டிவேட்டர், கேம் சீட் இவையெல்லாம் பழைய வழி. இவற்றோடு வரும் குறிப்பில் "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டவும்" என்று எழுதியிருக்கும், நாமும் பணிவோடு அணைப்போம். இன்னொரு வழி மெயில்: கூரியர் ரசீது, வருமான வரி நோட்டீஸ், வேலை தேடுபவரின் ரெஸ்யூம். கோப்பின் பெயர் பிடிஎஃப் என்று முடிவதுபோலத் தெரியும். விண்டோஸ் கடைசி மூன்றெழுத்தை வழக்கமாக மறைத்துவிடுவதால், அதற்குப் பின்னால் இருக்கும் இஎக்ஸ்இ கண்ணில் படாது. ஜிப் கோப்புக்குப் பாஸ்வேர்டு போட்டு, அந்தப் பாஸ்வேர்டையும் அதே மெயிலில் எழுதியிருந்தால் கூடுதல் சந்தேகம் வேண்டும். மெயில் சர்வரின் ஸ்கேனர் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பூட்டு.

2024 முதல் வேகமாகப் பரவிய தந்திரம் ஒன்று இருக்கிறது. ஏதோ ஒரு தளத்தில் "நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்" என்று பெட்டி வரும். டிக் அடித்தவுடன் மூன்று படிகள் காட்டும்: விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள், அப்புறம் கன்ட்ரோல்-வி, அப்புறம் என்டர். நீங்கள் டிக் அடித்த நொடியிலேயே அந்தப் பக்கம், விண்டோஸில் கட்டளைகளை ஓட்டும் பவர்ஷெல்லுக்கான ஒரு கட்டளையை உங்கள் கிளிப்போர்டில் வைத்துவிட்டது. மூன்று விசையில் நீங்களே அதை ஒட்டி, நீங்களே ஓட்டிவிடுகிறீர்கள். வீட்டில் யாராவது இப்படிச் செய்தார்களா என்று பார்க்க எளிய வழி: விண்டோஸ் கீ, ஆர் அழுத்தி ரன் பெட்டியைத் திறந்து, பக்கத்திலுள்ள கீழ்நோக்கிய அம்பைச் சொடுக்குங்கள். இதற்கு முன் அங்கே தட்டியவை எல்லாம் வரிசையாக வரும். அதில் பவர்ஷெல் அல்லது அதுபோலவே ஸ்கிரிப்டுகளை ஓட்டும் எம்எஸ்ஹெச்டிஏ என்று தொடங்கி, புரியாத எழுத்துக்களோடு நீளமாக ஒரு வரி இருந்தால், இதற்கு மேல் அறிகுறி தேட வேண்டாம். நேராக "உறுதியானால்" என்ற பகுதிக்குப் போங்கள்.

ஓடிய பிறகு அது செய்வது பெரும்பாலும் ஒரே வரிசைதான். ஆப்டேட்டா, புரோகிராம்டேட்டா, டெம்ப் போன்ற, நாம் திறந்தே பார்க்காத ஃபோல்டரில் தன் நகலை வைக்கும். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் சோதிக்காமல் விடும் விதிவிலக்குப் பட்டியலில் அந்த ஃபோல்டரைச் சேர்க்கும். ரீஸ்டார்ட் செய்தாலும் எழுந்து வர ஒரு பதிவு போட்டுக்கொள்ளும். கடைசியாக, வெளியே இருக்கும் சர்வரைக் கூப்பிட்டு "வந்துவிட்டேன், என்ன செய்யட்டும்" என்று கேட்கும். 1998-இல் வந்த பேக் ஓரிஃபிஸ், நெட்பஸ் என்ற பழைய பேக்டோர்களின் காலத்தில் இது தலைகீழ். நெட்பஸ் 12345 என்ற போர்ட்டை, அதாவது நெட் இணைப்புக்கான எண்ணிட்ட வாசலை, திறந்து வைத்துக்கொண்டு வெளியிலிருந்து வருபவனுக்காகக் காத்திருக்கும். வீட்டுக்கு வீடு ரவுட்டர் வந்த பிறகு வெளியிலிருந்து அப்படி நேராக நுழைய முடியாமல் போனது. எனவே இப்போது உள்ளே இருப்பது வெளியே போன் போடுகிறது. அதுவும் வெப்சைட்டுகள் பயன்படுத்தும் 443 போர்ட்டிலேயே. விண்டோஸ் ஃபயர்வால் வெளியே போகும் இணைப்புகளை வழக்கமாகத் தடுப்பதில்லை. "ஃபயர்வால் ஆனில்தான் இருக்கு" என்று நிம்மதியாக இருப்பதில் பெரிய அர்த்தம் இல்லை.

"மவுஸ் தானா நகருதுங்க"

பயமுறுத்துவதில் முதலிடம் இதற்கு. ட்ரோஜனாக இருக்கும் வாய்ப்போ மிகக் குறைவு. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பாயின்டர் துள்ளுவது நின்றுவிட்டால் கோளாறு சுவரில் இருக்கிறது. அல்சூரின் பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் பாயின்ட் இருக்கும், பின்னால் எர்த் வயர் இருக்காது. அந்த மாதிரி பாயின்டில் சார்ஜர் போட்டால் டச்பேட் பேய் பிடித்ததுபோல ஆடும். லேப்டாப்பின் உலோக உடம்பை விரல் நுனியால் தடவினால் மெல்லிய அதிர்வு தெரியும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வயர்லெஸ் மவுஸ் என்றால் பேட்டரி மாற்றிப் பாருங்கள், கண்ணாடி மேஜை மேல் ஆப்டிகல் மவுஸ் வைத்திருந்தால் ஒரு காகிதம் விரித்துப் பாருங்கள்.

பாயின்டர் துள்ளாமல், நோக்கத்தோடு போனால் கதை வேறு. ஸ்டார்ட்டைத் திறக்கிறது, பிரவுசரில் வங்கி டேபுக்குப் போகிறது, ஏதோ தட்டுகிறது என்றால் நெட்டைத் துண்டியுங்கள். அங்கேயே நின்றுவிட்டால் யாரோ தொலைவிலிருந்து ஓட்டியிருக்கிறார்கள். செட்டிங்ஸில் இன்ஸ்டால் ஆன ஆப்புகளின் பட்டியலைத் தேதி வாரியாகப் பாருங்கள். தொலைவிலிருந்து கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க், டீம்வியூவர், அல்ட்ராவியூவர், ஸ்கிரீன்கனெக்ட் இவற்றில் ஏதாவது இருக்கிறதா? இவை நல்ல சாஃப்ட்வேர்கள், நானே பயன்படுத்துகிறேன். ஆனால் "கஸ்டமர் கேரிலிருந்து பேசுகிறோம்" என்று போன் செய்பவன் கேட்பதும் இவற்றைத்தான். எனிடெஸ்க்கை வைத்து நடக்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019-லேயே வங்கிகளை எச்சரித்தது. அப்பா அம்மா வீட்டில் தனியாக இருக்கிறார்கள் என்றால் அந்த மிஷினில் இதை முதலில் பாருங்கள். ஆன்டிவைரஸ் இவற்றைப் பார்த்துக் குரைக்காது.

தேர்ந்த பேக்டோர்க்காரன் உங்கள் மவுஸைத் தொடவே மாட்டான். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு டெஸ்க்டாப்பைத் திறந்து அதில் வேலை பார்க்கும் வசதி இப்போதைய ட்ரோஜன்கள் பலவற்றில் இருக்கிறது.

"ரொம்ப ஸ்லோ ஆயிருச்சு, ஃபேன் கத்துது"

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மானேஜரைத் திறங்கள். டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால் ஹார்ட் டிஸ்க் போகப் போகிறது, அல்லது 4 ஜிபி ராமில் முப்பது டேப் திறந்திருக்கிறீர்கள். கம்ப்யூட்டர் சாமான் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டுக்கு ஒரு நடை போய், ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான எஸ்எஸ்டி வாங்கிப் போட்டால் தீர்ந்தது.

ஒரே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: டாஸ்க் மானேஜரைத் திறந்தவுடன் ஃபேன் அடங்கி, மூடிய சற்று நேரத்தில் மறுபடி கத்துகிறதா? டாஸ்க் மானேஜர் திறந்திருப்பதைப் பார்த்ததும் ஒளிந்துகொள்ளும் கிரிப்டோ மைனர்கள் (உங்கள் மிஷினை ஓட்டி வேறொருவனுக்கு டிஜிட்டல் காசு சம்பாதிக்கும் புரோகிராம்கள்) உண்டு. பின்வாசல் வழியாக வந்தவன் சும்மா இருக்கும் மிஷினில் கூடுதல் காசு பார்க்க இதையும் இறக்குவான்.

"டிஃபெண்டர் ஆன் ஆக மாட்டேங்குது"

இந்த அறிகுறியை மட்டும் நான் லேசாக எடுத்துக்கொள்வதே இல்லை. முதலில் வேறு ஆன்டிவைரஸ் ஏதாவது போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்; இருந்தால் டிஃபெண்டர் தானே ஒதுங்கிக்கொள்ளும், அது இயல்பு. இல்லை என்றால், விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன், அதில் மேனேஜ் செட்டிங்ஸ், கீழே எக்ஸ்க்ளூஷன்ஸ் வரை போங்கள். இங்கே நீங்கள் எதையும் சேர்த்த ஞாபகம் இல்லையென்றால் பட்டியல் காலியாகத்தான் இருக்க வேண்டும். அதில் ஆப்டேட்டாவுக்குள் ஏதோ ஒரு ஃபோல்டர், அல்லது சி டிரைவ் முழுவதுமே, அல்லது இஎக்ஸ்இ என்ற வகை மொத்தமும் விலக்கப்பட்டிருந்தால், யாரோ டிஃபெண்டரின் கண்ணைக் கட்டியிருக்கிறார்கள். அந்த ஃபோல்டரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், உங்கள் விருந்தாளி குடியிருக்கும் முகவரி அதுவாகவே இருக்கலாம்.

வீட்டு மிஷினில் "இந்த அமைப்பை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்ற வரி டிஃபெண்டர் பக்கத்தில் தெரிந்தாலும் கேள்வி கேளுங்கள். எந்த நிறுவனம்? பழைய கம்பெனி லேப்டாப்பை செகண்ட்ஹேண்டில் வாங்கியிருந்தால் பதில் அதுவாக இருக்கும். சில ஆக்டிவேட்டர்களும் இந்த வேலையைச் செய்யும்.

கூடவே இரண்டு இடங்கள். ஆன்டிவைரஸ் தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால், எந்தத் தளத்தின் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பாருங்கள்: விண்டோஸ் ஃபோல்டரில் சிஸ்டம்32, அதில் டிரைவர்ஸ், அதில் இடிசி. நோட்பேடில் திறந்தால் ஹேஷ் குறியோடு தொடங்கும் சில வரிகள்தான் பொதுவாக இருக்கும். ஹேஷ் இல்லாமல் செக்யூரிட்டி கம்பெனிகளின் பெயர்கள் வரிசையாக இருந்தால் அது தானாக முளைத்ததில்லை. அடுத்து, நெட்வொர்க் செட்டிங்ஸில் ப்ராக்ஸி. நீங்கள் போடாத ப்ராக்ஸி அங்கே இருந்தால் உங்கள் பிரவுசிங் முழுவதும் யாரோ ஒருவர் வழியாகப் போய் வருகிறது.

அப்புறம் அதே விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் போய், டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள். மிஷின் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழுமுன்பே ஸ்கேன் நடக்கும், சுமார் 15 நிமிடம். விண்டோஸ் ஓடாத நேரத்தில் ட்ரோஜனும் ஓடாது என்பதுதான் இதன் பலம். இரண்டாவது கருத்து வேண்டுமானால், மத்திய அரசு 2017-இல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் இலவசக் கருவிகள் இருக்கின்றன.

"கறுப்பா ஒரு விண்டோ வந்து மறையுது"

லாகின் ஆனவுடன் ஒரு முறை மின்னினால் பிரின்டர் அப்டேட்டராகவோ ஆஃபீஸின் பின்னணி வேலையாகவோ இருக்கலாம். குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப மின்னினால், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரைப் பார்க்க வேண்டும்.

இதற்கு விண்டோஸோடு வரும் கருவிகளைவிட, தானாக எழுந்து ஓடுபவற்றைப் பட்டியலிடும் ஆட்டோரன்ஸ் நல்லது. மார்க் ருசினோவிச் எழுதிய சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இருப்பது, 2006 முதல் மைக்ரோசாஃப்டின் சொத்து, இலவசம். வேறு மிஷினில் இறக்கி பென் டிரைவில் கொண்டு வாருங்கள். அட்மினாக ஓட்டி, ஆப்ஷன்ஸில் மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறைக்கச் சொல்லுங்கள். மீதி இருப்பது ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். அதில் எது கெட்டது என்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் கை பழகும், ஆனாலும் சில முகங்கள் அடிக்கடி வருபவை. வெளியிட்டவர் பெயர் காலி. கோப்பு இருக்கும் இடம் புரோகிராம் ஃபைல்ஸ் அல்ல, ஆப்டேட்டாவுக்குள் ரோமிங். பெயரோ "விண்டோஸ் செக்யூரிட்டி ஹெல்ப்பர்" என்று மரியாதையாக இருக்கும். இன்னொரு வகையில் கோப்பே இருக்காது. பவர்ஷெல்லைக் கூப்பிட்டு அதன் வாலில் எண்ணும் எழுத்தும் கலந்த முடிவே இல்லாத ஒரு சரம் தொங்கும். இது உருமாற்றி எழுதப்பட்ட கட்டளை. நேர்மையான சாஃப்ட்வேர் தன் கட்டளையை இப்படி மறைக்க வேண்டிய அவசியம் அநேகமாக வராது.

சந்தேகமான பதிவை உடனே அழிக்காதீர்கள். டிக்கை மட்டும் எடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். டிக் தானாகத் திரும்ப விழுந்திருந்தால், அதைக் காவல் காக்க இன்னொன்று ஓடுகிறது.

"ஒன்னும் பண்ணல, ஆனா டேட்டா போய்க்கிட்டே இருக்கு"

பாஸ்வேர்டுகளை மொபைலில் மாற்றி முடித்த பிறகு, இதற்காக மட்டும் ஓரிரு நிமிடம் நெட்டைத் திரும்பக் கொடுங்கள். பிரவுசரை மூடிவிட்டு ரிசோர்ஸ் மானிட்டரில் நெட்வொர்க் பகுதியைப் பாருங்கள். ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் படங்களை ஏற்றிக்கொண்டிருக்கலாம். விண்டோஸ் அப்டேட்டும் தான் இறக்கியதை மற்ற மிஷின்களுக்குப் பகிர்ந்து அனுப்பும், அதைச் செட்டிங்ஸில் அணைக்கலாம்.

எஸ்விசிஹோஸ்ட் (svchost) என்ற பெயரைப் பார்த்துப் பலர் பயப்படுவார்கள். அது நூற்றுக்கு நூறு விண்டோஸின் ஆள், பல நகல்கள் ஓடுவதும் இயல்பு. ஆனால் அது சிஸ்டம்32 ஃபோல்டரிலிருந்துதான் ஓட வேண்டும். ரைட் கிளிக் செய்து கோப்பு இருக்கும் இடத்தைத் திறந்து பாருங்கள். அது ஆப்டேட்டாவில் இருந்தாலோ, பெயரில் ஓ எழுத்துக்குப் பதில் பூஜ்யம் இருந்தாலோ, எஸ்ஸும் வியும் சியும் இடம் மாறியிருந்தாலோ, ஆள் மாறாட்டம். நோட்பேட், கால்குலேட்டர் போன்றவை சம்பந்தமே இல்லாத வெளிநாட்டு முகவரியோடு இணைப்பில் இருந்தாலும் அப்படித்தான்: நல்ல புரோகிராமின் நினைவகத்துக்குள் தன் நிரல் வரிகளை நுழைத்து அதன் பெயரில் ஓடுவது பழைய வித்தை.

"கேமரா லைட் எரியுது"

செட்டிங்ஸ், ப்ரைவசி, கேமரா. கடைசியாக எந்த ஆப் எப்போது பயன்படுத்தியது என்று அங்கே இருக்கும். மீட்டிங் ஆப்பை மூடாமல் விட்டதுதான் வழக்கமான பதில். பட்டியலில் பெயர் தெரியாத இஎக்ஸ்இ இருந்தால் ஆட்டோரன்ஸுக்குப் போங்கள்.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு, ஆனா அக்கவுன்ட்ல யாரோ நுழையறாங்க"

ஸ்கேன் செய்தால் ஒன்றும் கிடைக்காது, அதை வைத்து மிஷின் சுத்தம் என்று சொல்லிவிடவும் முடியாது. திருடும் ரகம் சில ஒரே முறை ஓடி, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் லாகின் குக்கிகளையும் அள்ளிக்கொண்டு தன்னைத்தானே அழித்துவிடும். குக்கி கையில் இருந்தால் அவனுக்குப் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். ஏற்கெனவே லாகின் ஆன நீங்களாகவே அவன் உள்ளே போய்விடுவான். அதனால் பாஸ்வேர்டை மாற்றுவதோடு நிற்காமல், மொபைலிலிருந்து எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியைப் பயன்படுத்துங்கள். அடுத்து, நிறையப் பேர் மறப்பது: மெயில் செட்டிங்ஸில் ஃபார்வர்டிங்கும் ஃபில்டர்களும். வங்கி மெயில்கள் வந்தவுடன் வேறு முகவரிக்கு நகல் போய், இங்கே குப்பைக்குள் விழும்படி ஒரு ஃபில்டர் போட்டுவிட்டுப் போயிருந்தால், பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இல்லை.

பணம் போயிருந்தால் மிஷினை அப்படியே விட்டுவிட்டு முதலில் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுமுன் நிறுத்த வாய்ப்பு இருக்கிறது. வங்கிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். வங்கியின் தவறும் உங்கள் தவறும் இல்லாமல் மூன்றாம் ஆளால் நடந்த மோசடியில், வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு இல்லை என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை சொல்கிறது. பெங்களூரில் நேரில் புகார் கொடுக்க உங்கள் பகுதிக்கான சி.இ.என். (சைபர், பொருளாதார, போதைப்பொருள் குற்றங்களுக்கான) காவல் நிலையம் இருக்கிறது. கன்னடம் எழுத வராது என்று தயங்க வேண்டாம், ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கலாம். ஸ்கிரீன்ஷாட்டுகள் எடுத்து முடிக்கும்வரை ஃபார்மட் செய்யாதீர்கள்.

ஆபீஸ் லேப்டாப் என்றால்

நெட்டைத் துண்டிப்பதைத் தவிர, மிஷினில் செய்யும்படி மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். நெட்டைத் துண்டித்துவிட்டு கம்பெனியின் ஐடி ஆட்களுக்குப் போனில் சொல்லுங்கள். ஒயிட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் வேலை பார்க்கிறவர்கள் வேலைக்கு ஆபத்தோ என்று பயந்து, என்னைப் போன்றவர்களிடம் ரகசியமாகக் கொண்டு வருகிறார்கள். நான் தொட்டால் தடயம் கலைந்து போகும், அவர்கள் நிலைமை இன்னும் மோசமாகும்.

உறுதியானால்

கண்டுபிடித்த கோப்பை அழித்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. பேக்டோர் என்பதே வேறு எதையும் உள்ளே கொண்டு வருவதற்கான வழி. அது திறந்திருந்த நாட்களில் என்னென்ன வந்தது என்று ஸ்கேனரால் உறுதி சொல்ல முடியாது. டிரைவை முழுவதும் துடைத்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போடுங்கள்.

படம், ஆவணம், பாட்டு இவற்றை மட்டும் காப்பி எடுங்கள், முடிந்தால் விண்டோஸை எழுப்பாமல், லினக்ஸ் நேராக ஓடும் லைவ் பென் டிரைவில் பூட் செய்து. இன்ஸ்டாலர்கள், ஜிப்புகள், கிராக் ஃபோல்டர் எதுவும் வேண்டாம். டிரைவைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதைத் திறக்கும் ரெகவரி கீ கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விண்டோஸ் இன்ஸ்டாலரை வேறு நல்ல கம்ப்யூட்டரில், குறைந்தது 8 ஜிபி பென் டிரைவில் தயார் செய்யுங்கள். இன்ஸ்டால் செய்யும்போது அந்த டிரைவின் எல்லாப் பார்ட்டிஷன்களையும் அழித்துவிட்டுத் தொடங்குங்கள். சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்து டி டிரைவில் கிராக் ஃபோல்டரை விட்டுவைப்பது வீண் வேலை. ஒரிஜினல் விண்டோஸ் இருந்த லேப்டாப் என்றால் நெட் கிடைத்தவுடன் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. மிஷின் தாங்குமானால் 11 போடுங்கள்.

கடையில் கொடுத்து ஃபார்மட் செய்வதானால் ஒன்றை மட்டும் வாய் திறந்து சொல்லுங்கள்: ஆக்டிவேட்டர் போட வேண்டாம், திருட்டு ஆஃபீஸ் வேண்டாம். கேட்காமலேயே அன்பளிப்பாகப் போட்டுக் கொடுப்பார்கள். லிப்ரேஆஃபீஸ் இலவசம், தமிழும் நன்றாகவே தட்டலாம்.

ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றி, தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் அமைப்பு யாராலாவது மாற்றப்பட்டிருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். குரோமில் பழைய கணக்கை இணைக்குமுன் நிதானியுங்கள். கணக்கு இணைந்தவுடன் பழைய எக்ஸ்டென்ஷன்களும் கூடவே வந்து இறங்கும், ட்ரோஜனோடு வந்த எக்ஸ்டென்ஷன் இருந்தால் அதுவும் சேர்த்து. இணைக்கும்போது ஸிங்க் பட்டியலில் எக்ஸ்டென்ஷன்களை அணைத்துவிட்டு, தேவையானதை மட்டும் ஒவ்வொன்றாகப் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.